கயிற்றுப் பாட்டு எந்தத் தியேட்டரில் இருந்தது?

1994 மார்ச் 12, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சிறுவாணித் தண்ணீர் வரும் நாள். எல்லாக் குடங்களையும் நிரப்பினேன். முந்தைய நாளின் குறிப்பை எழுதி முடித்தேன். இட்லி, தக்காளிச் சட்னி. எட்டேகால் டவுன் பஸ்ஸில் காந்திபுரம் வந்து, அங்கிருந்து பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தேன். ஞாயிறு கலைப் பக்கத்தில் வரும் சினிமா விளம்பரங்களில் படத்தின் பெயருக்கு எதிரே தியேட்டரின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது சனிக்கிழமைகளில் என் முதல் வேலை. அன்றும் பார்த்தேன். ஓரிடத்தில் ஊர் பெயர் மாறியிருந்தது, திருத்தினேன்.

கலைப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும், “ஒரு படைப்பை இன்னொன்றோடு எப்படி ஒப்பிட்டு எழுதுவது?” என்று கேட்டிருந்தீர்கள். கண் பார்வைக் குறைவு காரணமாகக் கொஞ்சம் முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவள் நான். இப்போது நேரம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே விதி, அந்தச் சனிக்கிழமை கிடைத்ததுதான். ஊர் ஊராகத் தியேட்டர் பெயரைச் சரிபார்த்த என் கையில், ஒரு தியேட்டரின் பெயரும் இல்லாத என் சொந்தக் கட்டுரை அப்போது அச்சுக்குத் தயாராக இருந்தது.

கட்டுரை ஒரு நாடகத்தையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் பற்றியது. நாடகத்தின் பெயர் ‘தலைக்கயிறு’. முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம் அது. ஒரு பெண் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குத் தன் ஒற்றைக் காளையை விற்க வருகிறாள், விற்கிறாள், திரும்பிப் போகிறாள். கதை அவ்வளவுதான். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர் தன் கயிற்றோடு வர வேண்டும். பழைய கயிறு விற்றவரோடு வீட்டுக்குப் போகும். நாடகத்தின் கடைசியில் அந்தப் பெண் வெறும் கயிற்றோடு நின்று பாடுவாள். ‘கழுத்துப் போன கயிறே, நீ கனக்குறதென்ன கயிறே’ என்று தொடங்கும். அதை எல்லோரும் கயிற்றுப் பாட்டு என்றே சொல்வார்கள்.

அந்தப் பெண்ணாக நடித்துப் பாடியவர் அவிநாசி தெய்வானை அக்கா. பாட்டுகளுக்கு மெட்டமைத்து ஆர்மோனியம் வாசித்தவர் உக்கடத்தில் தையல் கடை வைத்திருந்த ஒரு பாய். குழுவில் எல்லோருக்கும் அவர் வெறும் பாய்தான். நானும் அப்படியே சொல்கிறேன். இருவரும் பதினைந்து ஆண்டுகளாக ஒரே வேனில் ஊர் ஊராகப் போனவர்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் நாடகத்தைப் படமாக்கியபோது, கதாநாயகியாக வேறொருவரைப் போட்டார்கள். “முகம் யாருடையதாகவும் இருக்கட்டும், கயிற்றுப் பாட்டுக்குக் குரல் தெய்வானை குரல்தான்” என்று சண்டை போட்டு அவரைப் பாட வைத்தவர் பாய்.

படம் வெளியான வாரம் அவிநாசிக்குப் போய் அக்காவைப் பேட்டி எடுத்தேன். அவர் அப்போது இன்னும் படம் பார்க்கவில்லை. “எம் பொண்ணு மாமியார் ஊடு பொள்ளாச்சிப் பக்கமுங்க. சம்மந்தியம்மாவக் கூட்டிக்கிட்டுத்தான் பாக்கோணும்னு வெச்சிருக்கேன். நாடகக்காரி ஊட்ல பொண்ணெடுத்துப்போட்டோம்னு அந்தம்மாவுக்கு இன்னும் ஒரு கொறை இருக்குதுங்க. திரையில எங்கொரல் வந்துச்சுன்னா அது தீர்ந்துரும்” என்றார்.

அடுத்த வியாழக்கிழமை வேறொரு வேலையாகப் பொள்ளாச்சிக்குப் போன நான், வேலை முடிந்ததும் அங்கேயே படத்தைப் பார்த்தேன். கயிற்றுப் பாட்டு இல்லை. கதாநாயகி கயிற்றை எடுக்கிறாள். அடுத்த காட்சியில் வீட்டு வாசலில் நிற்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. ‘கயிற்றை அறுத்த படம்’ என்று தலைப்பிட்டு, வெள்ளி இரவுக்குள் கட்டுரையை முடித்தேன். மேடையில் மூன்று சரணத்தோடு ஒலித்த பாட்டைப் படம் ஈவிரக்கமின்றி வெட்டிவிட்டது என்பது அதன் முக்கிய வாக்கியம். மூன்று சரணம் என்று உறுதியாகத் தெரியும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவில், நம் பக்கத்துச் சொல்லில் நோம்பியில், நாடகத்தைப் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பு என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து உட்காரும்போது தெய்வானை அக்கா அலுவலகத்துக்குள் வந்தார். கையில் துணிப்பை. பொள்ளாச்சியிலிருந்து நேரே பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அம்மணி, எழுதியாச்சுங்களா?”

“எழுதியாச்சுங்க்கா.”

“அப்ப இன்னும் நாலு வார்த்த சேத்து எழுதுங்க. பதினஞ்சு வருசம் கூட இருந்த மனுசன் ஏமாத்திப்போட்டாருன்னு எழுதுங்க.”

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. முந்தைய நாள் மாலை சம்பந்தியம்மாள், அவருடைய நாத்தனார், மகள், மருமகன் என்று ஒரு வரிசையையே நிறைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். “இப்ப வருமுங்க, இப்ப வருமுங்கன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்தம்மாவும் பொறுமையா காத வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வணக்கம்னு எழுத்தே போட்டுட்டானுங்க. வெளிய வந்து அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுங்களா?”

“என்னங்க சொன்னாங்க?”

“ ‘பரவால்லீங்க சம்மந்தி, அடுத்த படத்துல வரும்’னாங்க. நாலு அறை அறைஞ்சிருந்தாத் தேவலைங்க.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. ஞாயிறு இரவு பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நோம்பி நாடகம் இருந்தது. அதற்கு வரமாட்டேன், இனி பாயோடு ஒரு மேடையில் ஏறமாட்டேன் என்றார். குழுவில் அவர் இல்லாவிட்டால் அந்த நாடகமே இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் பாய் உள்ளே வந்தார். நாடகத்தின் புகைப்படம் ஒன்று பக்கத்துக்கு வேண்டும், மூன்று மணிக்குள் கொண்டு வாருங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கழுத்தில் அளவு நாடா தொங்க, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“என்னங்க அம்மணி, பாத்தீங்களா? பாட்டு எப்படி வந்திருக்கு! அட, தெய்வானைம்மாவும் இங்கதான் இருக்கியா?”

“எந்தப் பாட்டு, பாயி?”

“உம் பாட்டுதான். கயித்துப் பாட்டு.”

“எங்க இருக்குது அது? உங்க தையக் கடையில இருக்குதா?”

“படத்துல இருக்குதும்மா. நாலு நாளைக்கு முந்திப் பாத்துட்டு வந்தேன். கேட்டுக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.”

“பாத்துக்குங்க அம்மணி, பொய்யிக்குக் கூட மெட்டுப் போடறாரு.”

பாய் சிரிப்பை நிறுத்தினார். “அல்லா மேல ஆணையாச் சொல்றேன், பாட்டு இருக்குது.”

“அவிநாசியப்பர் மேல ஆணையாச் சொல்றேன், இல்ல!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் படம் பார்த்தவள், எழுதுகிறவள். தெய்வானை அக்கா என் மேசையைத் தட்டினார். “நீங்க சொல்லுங்க. இருந்துச்சா, இல்லியா?”

என் கண்ணால் பார்த்தது எனக்குத் தெரியும். இல்லை. அதைத்தான் எழுதியிருந்தேன். “இல்லைங்க” என்று நான் சொன்னால் பாய் பொய்யர் ஆகிவிடுவார். மறுநாள் அதே சொல் அச்சிலும் வந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே வேனில் ஏறப்போவதில்லை. ஆனால் அந்த மனிதரின் முகத்தில் பொய் சொல்கிறவரின் சாயல் துளியும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நான் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

எங்கள் பொறுப்பாசிரியர், அறையின் மூலையில் உட்கார்ந்து அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கோபமோ பாராட்டோ அவரிடமிருந்து வந்து நான் பார்த்ததில்லை. தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

“எந்தத் தியேட்டருங்க?”

யாருக்கும் உடனே புரியவில்லை. மறுபடி கேட்டார். “அம்மா எந்தத் தியேட்டர்ல பாத்தீங்க, பாய் எந்தத் தியேட்டர்ல பாத்தீங்க?”

அக்கா பார்த்தது பொள்ளாச்சியில். பாய் பார்த்தது கோயமுத்தூரில். “நீ?” என்றார் என்னிடம். பொள்ளாச்சி, என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “மேட்னி ஓடிக்கிட்டிருக்கும். அஞ்சரைக்குள்ள கட்டுரை என் கையில இருக்கணும். போ.”

இளைய நண்பர்களே, இப்போது யோசித்தால் இது மிகச் சாதாரணமான சந்தேகம். அந்தக் காலத்தில் தியேட்டர்காரர்கள் படத்திலிருந்து பாட்டை வெட்டி எடுப்பது ஊரறிந்த விஷயம். பாட்டு வந்தால் ஆட்கள் வெளியே போய்விடுவார்கள். காட்சி நேரம் நீளும். ஒரே படச்சுருளை இரண்டு தியேட்டர்கள் மாற்றி மாற்றி ஓட்டும். எனக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும், நான் பார்த்ததே படம் என்று நம்பிவிட்டேன். ஒரு பாட்டு இல்லாதபோது இயக்குநர் மீது கோபப்படுவது எனக்கு வசதியாக இருந்தது. கோபம் வந்தால் வாக்கியங்கள் நன்றாக விழும் அல்லவா?

பாய் படம் பார்த்த தியேட்டருக்குப் போக மூவரும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். அக்கா ஒரு ஓரம், பாய் மறு ஓரம், நடுவில் நான். இருவரும் என்னிடம்தான் பேசினார்கள். “அம்மணி, அவருகிட்டச் சொல்லுங்க, பாட்டு இல்லீன்னா நான் அங்கயே ரோட்டுல நின்னு கத்துவேன்னு.” “அம்மணி, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, பாட்டு இருந்துச்சுன்னா நானும் கத்துவேன்னு.” ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, “புருசன் பொண்டாட்டிங்களா?” என்றார். “இல்லீங்க, ஆர்மோனியமும் பாட்டும்” என்றார் பாய். அக்கா வெளியே பார்த்தார். உதடு மட்டும் லேசாகக் கோணியது.

அந்தத் தியேட்டரின் திரைச்சீலையைத் தைத்துக் கொடுத்தவரே பாய்தான். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அவரைப் பார்த்ததும் எங்களை உள்ளே விட்டார். பின்சுவரை ஒட்டி நின்றோம். சந்தைக் காட்சி தொடங்கியிருந்தது.

நாடகத்தில் அந்தக் காட்சி எப்படி என்று சொல்ல வேண்டும். மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் பேசமாட்டார்கள். இரு தரகர்களும் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். மேடையில் நமக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். அந்தப் பெண் பக்கத்தில் நின்று, “என்ன விரலோ, எத்தனை விரலோ” என்று துண்டைப் பார்த்துப் பாடுவாள். படத்தில் காமிரா துண்டுக்குள் போய்விட்டது. விரல்கள் திரை முழுக்கத் தெரிந்தன. எவ்வளவு விலை என்று எல்லோருக்கும் புரிந்தது. என் கட்டுரையில் இதை ஒரு தொழில்நுட்பச் சாதனை என்று பாராட்டியிருந்தேன்.

இருட்டில் தெய்வானை அக்கா என் காதருகே சொன்னார்: “வெரலக் காட்டிப்போட்டாங்களேங்க. அப்பறம் எதுக்குங்க துண்டு?”

நான் ஒரு பத்தி எழுதியும் பிடிபடாதது அவருடைய ஒரு கேள்வியில் இருந்தது. மேடையில் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியாதோ அது நமக்கும் தெரியாது. அதனால்தான் அவளோடு சேர்ந்து நாமும் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம். படத்தில் நமக்குத் தெரிந்துவிட்டது. அவள் மட்டும் தனியாக நின்றாள்.

பிறகு கதாநாயகி கயிற்றை எடுத்தாள். பொள்ளாச்சியில் இந்த இடத்தில்தான் வீட்டு வாசல் வந்தது. இங்கே வரவில்லை. செம்மண் பாதை வந்தது. பாதையில் கயிற்றின் நுனி மட்டும் தரையில் இழுபட்டுக்கொண்டு போனது. வாத்தியம் இல்லை. ‘கழுத்துப் போன கயிறே’ என்று தெய்வானை அக்காவின் குரல், அந்தப் பெரிய கொட்டகை முழுக்க.

அக்கா என் கையைப் பிடித்தார். வலித்தது. கதாநாயகியின் முகத்தை அவர்கள் காட்டவே இல்லை. பாட்டு முடியும் வரை கயிறும் பாதையும்தான். முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். “ஏனுங், பாட்டு முடியறதுக்குள்ள அப்படியென்ன அவசரம்?” என்று அக்கா சத்தமாகவே கேட்டார். கேட்டது யாரென்று தெரியாமல் அவர்கள் முறைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது சரணம் வந்தது:

‘கட்டுனதும் நானில்ல,
அவுத்ததும் நானில்ல,
நடுவால கெடந்தோமே,
நாம ரெண்டும் வேறில்ல.’

வெளியே வந்து வெயிலில் நின்றோம். கத்துவதாகச் சொன்ன இருவரும் கத்தவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார்: “ஏனுங் பாயி, காலைல இருந்து ஒண்ணும் திங்கல. ஒரு டீ வாங்கிக் குடுக்கமாட்டீங்களா?”

“பன்னும் சேத்து வாங்கித் தாரேன், வாம்மா” என்றார் பாய்.

மன்னிப்பு கேட்டதும் கொடுத்ததும் அவ்வளவுதான்.

டீக்கடையில் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகப் பேசினார்கள். தன் முகம் இல்லாத பாட்டில் அக்காவுக்குக் குறையே இல்லை. “மேடையில நான் கயித்தத் தோள்ல போட்டுக்குவனுங்க. இவங்க தரையில இழுத்துட்டுப் போறாங்க. அதாங்க சரி. மாடு போன பொறவு யாருங்க கயித்தத் தோள்ல போடுவாங்க?” என்றார். பாய்க்குத்தான் வருத்தம். “வாத்தியமே இல்லாமப் பண்ணிப்போட்டாங்க. போன தடவ அழுகையில கவனிக்கல. என்ற ஆர்மோனியம் எங்கம்மா?”

“உங்களது துண்டுக்குள்ள கெடக்குது, பாயி” என்றார் அக்கா.

நான் மணியைப் பார்த்துக்கொண்டே, ஒரு வாக்கியத்தை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்ற நினைப்பில் சொன்னேன்: “எப்படியோ, மேடையில் இருக்கிற மாதிரியே மூன்று சரணமும் படத்தில் இருக்கிறது.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “மேடையில ரெண்டுதானுங்களே” என்றார் அக்கா.

“மூன்று. என் குறிப்பில் இருக்கிறது.”

“நீங்க பாத்தது எப்ப அம்மணி?” என்று பாய் கேட்டார். சொன்னேன். “அதுக்கப்பறம் நோம்பிக்காரங்க நடுவுல ரெக்கார்டு டான்ஸ் வெக்கோணும்னு சொல்லி, பாட்டக் கொறைக்கச் சொன்னாங்க. நாங்கதான் மூணாவதை எடுத்துப்போட்டோம். மூணு வருசமாச்சு.”

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. பாட்டை வெட்டிய படம் என்று எழுதியிருந்தேன். நாடகக் குழு ஒரு சரணத்தை வெட்டியிருந்தது. பொள்ளாச்சித் தியேட்டர் பாட்டையே வெட்டியிருந்தது. முழுப் பாட்டும் மிச்சமிருந்த ஒரே இடம், நான் குற்றம்சாட்டிய அந்தப் படம்தான்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. பொறுப்பாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “சரி. பாட்டு இருக்குன்னு எழுதினா பொள்ளாச்சிக்காரங்க நம்மளத் திட்டுவாங்க. இல்லைன்னு எழுதினா கோயமுத்தூர்க்காரங்க திட்டுவாங்க. வெட்டுன தியேட்டரோட பேரை எழுதினா விளம்பரப் பிரிவுல திட்டுவாங்க. யாரு திட்டினா உனக்குப் பரவாயில்லை?” என்றார்.

கட்டுரையை அப்படியே நிறுத்திவிட்டு ஒரு பெரிய புகைப்படத்தைப் போட்டு இடத்தை நிரப்பலாம். பாட்டு பற்றிய பத்தியை மட்டும் உருவிவிடலாம். இரண்டும் சுலபம். ஆனால் நான் திருத்தி எழுதத் தொடங்கும் முன், ஏன் வெட்டினார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை என்பது உறைத்தது. இயக்குநரைத் திட்டியபோதும் கேட்கவில்லை. இப்போது தியேட்டரைத் திட்டப்போகும்போதும் கேட்கவில்லை. பொள்ளாச்சித் தியேட்டருக்குப் போன் போட்டேன். மேலாளர் எடுத்தார்.

“ஆமாங்க அம்மணி, எடுத்துத்தான் வெச்சிருக்கோம். படம் சந்தை நாளன்னைக்கு வந்துச்சுங்க. மாடு விக்க வந்த சனம்தான் மதிய ஆட்டத்துக்கு நெறைய. அவங்க ஊருக்கு அஞ்சு மணி பஸ்ஸ உட்டா அப்பறம் பஸ் இல்லீங்க. கடைசி ரீல் ஓடறப்ப பாதிப் பேரு எந்திரிச்சு ஓடறாங்க. முடிவப் பாக்காமப் போறாங்களேன்னு, பாட்ட எடுத்துப்போட்டு முடிவக் காட்டி அனுப்பிச்சோம். அப்பறம் அப்படியே உட்டுப்போட்டோம். ஏனுங், தப்புங்களா?”

மாடு விற்றுவிட்டு வெறுங்கயிற்றோடு ஊருக்குப் போகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்பதற்காக, மாடு விற்றுவிட்டு வெறுங்கயிற்றோடு போகிறவளின் பாட்டை வெட்டியிருக்கிறார்! நான் அரை மணி நேரத்துக்கு முன் அவருக்காக யோசித்து வைத்திருந்த ஒரு வார்த்தைகூட அவருக்குப் பொருந்தவில்லை.

“தப்பில்லைங்க. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒட்டிப் போட முடியுங்களா?”

“ஒட்டலாமுங்க. பஸ்ஸு?”

“காட்சியைக் கால் மணி முன்னதாகத் தொடங்கினால்?”

யோசித்தார். “தொடங்கலாம். ஆனா சனத்துக்குத் தெரியோணுமே. பேப்பர்ல போடுவீங்களா?”

கேட்டுச் சொல்கிறேன் என்று போனின் வாயைப் பொத்திக்கொண்டு பொறுப்பாசிரியரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். “போடறோமுங்க” என்றேன்.

மிச்சமிருந்த நேரத்தில் கட்டுரையை மறுபடி எழுதினேன். ‘கயிற்றை அறுத்த படம்’ போயிற்று. ‘துண்டுக்கு வெளியேயும் உள்ளேயும்’ வந்தது. விரலைக் காட்டியதில் படம் எதை இழந்தது, கயிற்றைத் தரையில் இழுத்ததில் மேடைக்கு எட்டாத எதைப் பிடித்தது என்று எழுதினேன். அந்த இரண்டு கருத்துகளையும் சொன்னவர் அந்த வேடத்தைப் பதினைந்து ஆண்டுகளாகப் பாடிவரும் கலைஞர் என்று, அவர் அனுமதியோடு எழுதினேன். ஆர்மோனியம் இல்லாதது குறை என்று மெட்டமைத்தவர் நினைக்கிறார் என்றும் சேர்த்தேன். முதல் பத்தியிலேயே, நாடகத்தை எந்த ஆண்டு பார்த்தேன், படத்தை எந்தெந்த ஊரில் பார்த்தேன், எங்கே என்ன இருந்தது என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸுக்காகப் பாட்டு எடுக்கப்பட்டதையும் எழுதினேன். கடைசியில் ஒரு வரி: பொள்ளாச்சியில் இன்று மதியக் காட்சி கால் மணி முன்னதாக, கயிற்றுப் பாட்டோடு.

பொறுப்பாசிரியர் படித்தார். ஒரு காற்புள்ளியை எடுத்தார். உள்ளே அனுப்பினார். நன்றி என்று அவரிடம் சொல்ல அன்று எனக்குத் தோன்றவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். எந்தத் தியேட்டர் என்று கேட்டதற்கு, என்றேன். அவருக்கு ஞாபகமில்லை.

அக்காவும் பாயும் வாசலில் காத்திருந்தார்கள். பொள்ளாச்சியில் மறுநாள் பாட்டு இருக்கும் என்று சொன்னேன். அக்கா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். மதியம் சம்பந்தியம்மாவோடு படம். அங்கிருந்து அவரையும் அழைத்துக்கொண்டு நேரே நோம்பி ஊருக்கு நாடகத்துக்கு. “மேடையில நாளைக்கு மூணையும் பாடிப்போடலாமா, பாயி?”

“நோம்பிக்காரங்க திட்டுவாங்களே.”

“திட்டட்டும். சம்மந்தியம்மா கேக்கறதுக்கு முன்வரிசையில உக்காருவாங்க. படத்துல மூணு, மேடையில ரெண்டுன்னா, எங்க ஒண்ணுன்னு கேப்பாங்கல்ல?”

பாய் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். “அப்ப நான் ஆர்மோனியத்த நல்லாவே சத்தமா வாசிப்பேன். படத்துல இல்லாததுக்கும் சேத்து.”

உங்களுக்கு இப்போது படங்கள் கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றன. ஆனாலும் நீளம் குறைத்தது, தணிக்கைக்குப் பிந்தையது, மொழி மாற்றியது என்று ஒரே பெயரில் நாலைந்து உலவுகின்றன. நாடகமோ எப்போதும் போல அந்தந்த இரவுக்கு ஒன்று. நீங்கள் பார்த்தது எது என்று முதலில் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது இல்லை என்றால், யார் எடுத்தார்கள், யாருக்காக எடுத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டால் சில நல்ல வாக்கியங்கள் போய்விடும், எனக்கும் போயின. அவற்றுக்குப் பதிலாக எனக்குக் கிடைத்த மூன்று மனிதர்களுக்கும், மூலையில் உட்கார்ந்திருந்த நான்காமவருக்கும் நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு காலை, பல் துலக்கியதும் முதல் வேலையாக எதிர்வீட்டில் அனுமதி கேட்டு, பொள்ளாச்சிக்குப் போன் போட்டேன்.

“ஒட்டியாச்சுங்களா?”

“ஒட்டிப்போட்டமுங்க அம்மணி. பேப்பரும் பாத்தேன்.” என்றார் மேலாளர். “ஒட்டுனது சரியா இருக்குதான்னு இப்பத்தான் ஓட்டிப் பாத்தேனுங்க. எடுக்கறப்ப நாங்க பாட்டக் கேக்கறதில்லீங்களே, நீளத்தத்தான் பாப்போம்.”

“எப்படி இருக்குதுங்க?”

“முடியற வரைக்கும் நின்னுக்கிட்டே கேட்டேனுங்க” என்றார்.